அடிப்பலகையில் ஒரு சொட்டு ஸ்பிரிட்

பழைய மேசையோ அலமாரியோ யாராவது காட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் நான் முன்பக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இழுப்பறையை உருவித் திருப்பிப் பார்ப்பேன். மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்ப்பேன். வெயில் படாத, துடைக்கிறவர் கை எட்டாத, பெயிண்ட் அடிக்கிறவரும் விட்டுவிடுகிற இடம் அது. என்ன மரம், கையால் இழைத்ததா மில்லில் அறுத்ததா, மேலே பூசியது என்ன என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருந்த ஒரு பாலிஷ்காரர். தெருவுக்கு அவர் 'பாலிஷ் பாய்'. எனக்குப் பாய்.

அவருடைய அத்தாவும் பாலிஷ் வேலைதான். பொன்மலை ரயில்வே பணிமனையில். அந்தப் பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அப்போதெல்லாம் ரயில் பெட்டி என்றால் மரம். உள்ளே தேக்குப் பலகை பதித்த முதல் வகுப்புப் பெட்டிகளுக்கு மெருகேற்றத் தனி ஆட்கள் இருந்தார்கள் என்று பாய் சொல்வார். இரும்புப் பெட்டி வந்தபிறகு அந்த வேலை குறைந்து, மகன் காலத்தில் வீடு வீடாகப் போய் நாற்காலிக்கும் பீரோவுக்கும் பாலிஷ் போடுவதாக ஆனது.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா. அவருடைய எழுது மேசை அவர் காலமான பிறகு எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்தது. தலையில் ஒரு ட்ரங்குப் பெட்டி, அதன் மேல் பாய் தலையணை என்று பல வருஷம். 1980-களின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அதை வெளியே இழுத்தோம். மேல் பலகை கறுத்து, தொட்டால் கை ஒட்டியது. "சுரண்டிட்டு பெயிண்ட் அடிச்சிடலாம், புதுசாயிடும்" என்றார் சித்தப்பா. அம்மாவுக்கு மனசில்லை. பாயைக் கூட்டி வரச் சொன்னாள்.

பாய் வந்ததும் உப்புத்தாளை எடுக்கவில்லை. உட்கார்ந்து மேசையைச் சாய்க்கச் சொன்னார். ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, காலின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சுண்டுவிரலால் அந்த இடத்தைத் தொட்டு எடுத்தார். விரலோடு மெல்லிய பழுப்பு இழை ஒன்று எழும்பி அறுந்தது.

"அரக்கு, தம்பி. இன்னும் உசுரோட இருக்கு. இதைச் சுரண்டக் கூடாது."

அன்றைக்கு அவர் சொன்ன பரிசோதனையை நான் இன்றைக்கும் அப்படியே செய்கிறேன். ஸ்பிரிட்டுக்கு இளகினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது இந்தக் காலத்துப் பியூ, அதாவது பாலியூரித்தேன். இது தெரியாமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. மேலே இருப்பது அரக்கு என்றால் பழையதை உரிக்கவே வேண்டியதில்லை. புதுப் பூச்சில் உள்ள ஸ்பிரிட் பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்துவிடும்; இரண்டும் கலந்து ஒரே படலமாக இறுகும். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் போட்ட பூச்சோடு இன்று நான் போடும் பூச்சு சேர்ந்துகொள்ளும். வார்னிஷும் பியூவும் அப்படிக் கரைந்து சேர்வதில்லை. பழையதன் மேல் புதியது ஒட்டி நிற்கும். ஒட்டு விட்டால் தோலாக உரியும்.

மேசையின் கறுப்பு பாலிஷின் கறுப்பு இல்லை என்பதை அடுத்து காட்டினார். வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு. துணியை நனைத்து, ஈரம் சொட்டாதபடி பிழிந்து, ஒரு சாண் இடத்தைத் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றினார். அடுத்து டர்பன்டைன். துணி கெட்டி டிகாக்‌ஷன் நிறமாகிவிட்டது. பலகையில் அந்த ஒரு சாண் மட்டும் பொன்னிறமாகத் தேக்கு ரேகையோடு தெரிந்தது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். விளக்குப் புகையும், தூசியும், 'மரத்துக்கு நல்லது' என்று யாரோ தடவிய தேங்காய் எண்ணெயும் சேர்ந்த அழுக்கு அது. தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷமானாலும் காய்ந்து இறுகாது. ஈரமாகவே இருந்து தூசியைப் பிடித்து வைக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு படலமாக இறுகுவதால்தான் மர வேலையில் அதற்கு இடம். சலவைச் சோடா கலந்த நீர் மட்டும் கூடாது என்று பாய் கறாராகச் சொன்னார். காரம் பட்டால் அரக்கு கரைந்துவிடும்.

ட்ரங்குப் பெட்டி இருந்த இடத்தில் பாலிஷ் முழுக்கப் போய் இரண்டு கறுப்புக் கோடுகள் மரத்துக்குள் இறங்கியிருந்தன. ஈரம் பட்ட இரும்பும் மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் வருகிற கறை அது. இழைத்து எடுக்க முயன்றால் பலகை பள்ளமாகும். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் அந்தக் கோடுகளின் மேல் மட்டும் பூசினார். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளிறி, மறுநாள் காலையில் போயே போய்விட்டது. அது விஷம். கையுறை வேண்டும். பிறகு சுத்த நீரால் திரும்பத் திரும்பத் துடைத்து எடுத்தாக வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும்.

வலது மூலையில் நீலக் கறுப்பு மைக்கறை ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதையும் எடுக்கவா என்று பாய் அம்மாவைக் கேட்டார். "அது அப்பா கொட்டினது, இருக்கட்டும்" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் தலையசைத்து, அந்த மூலைக்கு மட்டும் ஆசிட் துளி தெறிக்காமல் துணி போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எது அழுக்கு, எது அந்தச் சாமானின் சொந்தக் கதை என்று பிரிப்பதை வேலைக்காரன் தன் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது, வீட்டாரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

பாயின் மரப்பெட்டியில் அரக்கு செதில் செதிலாக ஒரு கண்ணாடி ஜாடியில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறம். பூவ மரம், புரசு, இலந்தை இவற்றின் இளங்கிளைகளில் ஒரு சிறு பூச்சி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினைக் கூடாகச் சுரக்கும். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் காட்டோரத்து மக்கள் அந்தக் கிளைகளை ஒடித்துச் சுரண்டி எடுப்பார்கள். இடித்து, கழுவிச் சிவப்புச் சாயத்தை நீக்கி, நீளமான துணிப்பையில் அடைத்து, நெருப்பு முன் காட்டி முறுக்கிப் பிழிவார்கள். உருகி வருவதை ஒருவர் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்துப் பெரிய தாளாக இழுத்து, ஆறியதும் நொறுக்கினால் செதில். ராஞ்சியில் 1924-ல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். வினைல் வருவதற்கு முந்தைய 78 சுற்று கிராமபோன் தட்டுகளும் அரக்கால் ஆனவைதான். மகாபாரதத்து அரக்கு மாளிகையைச் சிறுவயதில் கேட்டபோது எனக்கு விளங்காத ஒன்று, பாயின் ஜாடியில் ஒரு செதிலைத் தீக்குச்சியில் காட்டியபோது விளங்கியது.

அதைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். அது சுலபமாகக் கிடைக்காது. மதுவிலக்குக் காலத்தில் பாலிஷையும் வார்னிஷையும் குடித்துச் செத்தவர்கள் உண்டு. அதனால் ஸ்பிரிட்டோடு ஃப்ரெஞ்ச் பாலிஷையும் சேர்த்துக் கட்டுப்படுத்த 1959-ல் தனி விதிகளே வந்தன. பாய் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் ஸ்பிரிட் வாங்குவார். தன் தொழில்காரர்கள் சிலர் அந்தப் புட்டியாலேயே போனதை ஒருநாள் சொன்னார். சொல்லும்போது கை வேலையை நிறுத்திவிட்டது. பெட்டியைப் பூட்டாமல் அவர் டீ குடிக்கக்கூடப் போனதில்லை.

கணக்கு அரை லிட்டருக்கு நூறு கிராம். முதல் பூச்சுகளுக்கு அதில் பாதி கெட்டி போதும். இரும்பு டப்பாவில் கரைத்தால் நிறம் கறுக்கும், கண்ணாடிதான். ராத்திரி போட்டு வைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கரைத்ததை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் காயும் குணம் போய்ப் பிசுபிசுவென்று நிற்கும். கடையில் கலந்தே விற்கும் பாலிஷ் எப்போது கலந்தது என்று நமக்குத் தெரியாது. வீட்டில் செய்கிறவர்கள் செதிலாக வாங்கி அவ்வப்போது தேவைக்குக் கரைப்பதே நல்லது.

பலமுறை வெளுத்து இழை உதிராத மல் வேட்டித் துண்டு, நடுவில் பஞ்சு. பாய் அதை மடித்து முறுக்கினால் கொழுக்கட்டை அளவில், ஒரு பக்கம் மூக்கோடு, சுருக்கமே இல்லாத அடியோடு வந்து நிற்கும். பாலிஷைப் பஞ்சுக்குத்தான் ஊற்றுவார், துணிக்கு அல்ல. ஒரு காகிதத்தில் அழுத்திப் பார்ப்பார். ஈரத்தடம் தெரிந்து, தெரிந்த கணமே காய வேண்டும். சொட்டினால் பிழிந்துவிடுவார். பிறகு பலகையின் ஓரத்துக்கு வெளியிலிருந்தே கை அசைந்துகொண்டு வரும், அசைந்தபடியே பலகையில் இறங்கும், அசைந்தபடியே மறு ஓரத்தில் ஏறிவிடும். நடுவில் ஒரு நொடி நின்றால் பஞ்சு ஒட்டிக்கொண்டு அடியில் உள்ள பூச்சையும் கிழித்துவிடும். முதலில் நேர்க்கோடு, பிறகு வட்டம், பிறகு எட்டு. இழுக்கும்போது பிடித்தால் விரல் நுனியில் ஒரே ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். பஞ்சுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஆவிப்படலம் ஓடி மறையும். அது ஓடினால் ஸ்பிரிட் சரியாக ஆவியாகிறது என்று அர்த்தம். அவர் கண் பலகையில் இருக்காது, அந்த ஆவியில்தான் இருக்கும்.

ஒரு நாளைக்குச் சில பூச்சு, பிறகு ஓய்வு. காய்ந்தபின் மிக நைசான உப்புத்தாளால் ரேகை வாக்கில் ஒரு வருடல், தூசியைத் துடைத்து மறுபடி. கடைசியில் பாலிஷ் இல்லாத, ஸ்பிரிட் மட்டும் லேசாகக் காட்டிய புதுப் பஞ்சால் மேலே வந்த எண்ணெயை எடுத்துவிடுவார். என்னிடம் பஞ்சைக் கொடுத்து மேசையின் பின்பக்கத்தில் பழகச் சொன்னார். தோளிலிருந்து கை வர வேண்டும், மணிக்கட்டிலிருந்து அல்ல என்று என் முழங்கையைத் தட்டித் தட்டிச் சொல்வார்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பஞ்சைத் தொடமாட்டார். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகையைக் குளிர்விக்கும். ஈரக் காற்றிலிருந்து நீர் அந்தப் படலத்தில் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும். சூடான காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வரும் வெள்ளை வளையத்துக்கும் அரக்குக்குள் புகுந்த ஈரமே காரணம். பல சமயம் ஸ்பிரிட் காட்டிய பஞ்சால் அதன் மேல் மெல்ல ஒருமுறை வருடினாலே போய்விடும். இதற்காக மேசை முழுவதையும் இழைத்துப் புதிதாகப் போட்டுக் காசு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

பாயிடம் கற்றதை வைத்து, வேலைக்குப் போன பிறகும் விடுமுறைகளில் உறவுக்காரர் வீட்டுச் சாமான்களைச் சரிசெய்துவந்தேன். அதில் கும்பகோணத்தில் அத்தை வீட்டுத் தலைவாசல் கதவு மறக்க முடியாதது. தேக்கு. மேல் சட்டத்தில் கஜலட்சுமி. அதன் மேல் தலைமுறை தலைமுறையாகப் பச்சை எனாமல். செதுக்கின வரி எல்லாம் பெயிண்டில் மூழ்கி, யானைகளுக்குத் துதிக்கை இருப்பதே தெரியவில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டை உலர் உப்புத்தாளால் தேய்ப்பதும், சூடு காட்டி உரிப்பதும் குழந்தைகள் உள்ள வீட்டில் செய்யக் கூடாத காரியம். ரிமூவர் தடவி, அது குமிழ்ந்து எழுந்ததும் ஈரமாகவே வழித்து எடுத்து, வழித்ததைக் காகிதத்தில் சுற்றிக் கட்டினோம். செதுக்குக்குள் இரும்புக் கருவி போகவில்லை. மூங்கில் குச்சியைச் சீவிச் சீவித்தான் யானையின் கண் வரை போனது. அத்தை பக்கத்திலேயே திண்ணையில் உட்கார்ந்து, "அந்தப் பக்கத்து ஆனைக்குக் கொம்பு முழுசா இருக்கா பாருடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முழுசாக இருந்தது.

அந்தக் கதவுக்கு நான் அரக்குப் போடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் விட்டுத் துடைத்து மஞ்சள் பூசும் நிலை. தெருப்பக்கம் வெயிலும் சாரலும். அரக்கு அங்கே ஒரு வருஷம் தாங்காது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, துணியால் தேய்த்து ஊறவிட்டு, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்து எடுத்தோம். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி. மங்கும்போது வருஷத்துக்கு ஒருமுறை அத்தை வீட்டுப் பிள்ளைகளே இன்னொரு பூச்சு பூசிக்கொள்ளலாம். ஆள் தேட வேண்டாம்.

இந்த எண்ணெயில் ஓர் ஆபத்து உண்டு. மர வேலை ஆசையில் இறங்குகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். பிரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்டால் உள்ளேயே தங்கி ஏறி ஏறித் தானாகப் பற்றிக்கொள்ளும். அத்தை வீட்டில் உதவிக்கு வந்த பையன் எண்ணெய்த் துணிகளைக் கசக்கி வைக்கோல் அறை மூலையில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். நான் எடுத்தபோது இஸ்திரி போட்ட துணியின் சூடு. முற்றத்துத் தொட்டியில் முக்கினேன். பாய் தன் துணிகளை எப்போதும் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுவார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும். பர்மாத் தேக்கில் செய்த அலமாரிகளையும் ஈட்டி மரக் கட்டில்களையும் வாங்கிப் போகிறவர்களில் சிலர், வீட்டுக்குப் போனதும் செய்கிற முதல் காரியம் ஆர்பிட்டல் சாண்டரால் வெள்ளை மரம் தெரியும்வரை தேய்ப்பது. மேல் தோலில்தான் அந்த மரத்தின் வயது இருக்கிறது. தேக்கு வெளிச்சத்தில் மெல்ல மெல்லப் பொன் பழுப்பாகிறது, பலா மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்குப் போகிறது, ஈட்டி மரம் நேர்மாறாக வெயிலில் வெளிறுகிறது. அந்த நிறம் ஆழமாக இறங்குவதில்லை. கால் மணி நேரத் தேய்ப்பில் போய்விடும். பிறகு எந்தச் சாயம் பூசினாலும் திரும்பாது. வெனீர் ஒட்டிய சாமானென்றால் பலகையே ஓட்டையாகும். பியூவை நான் வெறுக்கவில்லை. தினமும் சூடான பாத்திரம் வைக்கிற சாப்பாட்டு மேசைக்கு அதுதான் சரி. அரக்கு 75 டிகிரியை ஒட்டி இளகிவிடும். ஆனால் அரக்கு ஏற்கெனவே இருக்கிற பழைய சாமானில் அதை உரித்துவிட்டுப் பியூ பீய்ச்சுவது அந்தச் சாமானைப் பிற்காலத்தில் யாரும் எளிதாகச் சரிசெய்ய முடியாதபடி பூட்டிவிடுவதாகும். அரக்கைப் பின்னால் வருகிறவர் ஒரு புட்டி ஸ்பிரிட்டால் திறக்கலாம்.

பாய் காலமாகிவிட்டார். மகன் ஸ்பிரே வேலை செய்கிறார், நன்றாகச் செய்கிறார். அரக்கு வேலை கேட்டு யாராவது வந்தால் என் பக்கம் அனுப்புவார். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு பையன் வந்தான். குழந்தைக்கு நடைவண்டி செய்திருக்கிறான், பூவரசில், தானே. குழந்தை வாயில் வைக்கும், எதைப் பூசுவது என்று கேட்டான். மெழுகு நீக்கிய வெளிர் அரக்குதான் என்றேன். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல் பூச்சாகப் போடுவது அதுவே. அம்பாசமுத்திரத்துக் கடசல் செப்புச் சாமான்களில் பளபளப்பதும் அரக்குதான். பூசியபின் ஸ்பிரிட் வாடை முழுக்கப் போகும்வரை ஒரு வாரம் காற்றாடவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றேன். வண்டியைத் திருப்பி அடியைப் பார்த்தேன். மூட்டு சுத்தமாக இருந்தது, உப்புத்தாள் தடம் ஒரே வாக்கில் போயிருந்தது. ஜாடியிலிருந்து நூறு கிராம் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகே கரைக்கச் சொல்லி அனுப்பினேன்.